மல்லி மொட்டுக்குள் மணம் இல்லை: பூவாசனையின் வேதியியல், முதல் பாடம்

காலை ஆறு மணிக்கு வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் கூடை கூடையாக மல்லி மொட்டு வந்து இறங்கும். குவியல் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்தால் பச்சை வாசனைதான் தூக்கலாக இருக்கும். மல்லி மணம் எங்கோ பின்னால் லேசாகத் தெரியும். அதே மொட்டைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால், ராத்திரி எட்டு மணிக்கு வீடு முழுக்க மணக்கிறது. நடுவில் யாரும் அதில் எதையும் சேர்க்கவில்லை. செடியிலிருந்து பறித்தே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அப்படியானால் அந்த மணம் எங்கிருந்து வந்தது?

மணம் என்பது பூவுக்குள் நிரப்பி வைத்த திரவம் அல்ல. பூ அதை அந்தந்த நேரத்தில் தயாரித்து அப்போதே காற்றில் விடுகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால், எந்த மொட்டை வாங்குவது, எப்படி வைப்பது, வீட்டில் மல்லியைக் கொதிக்கவைத்தால் ஏன் அதன் மணம் சரியாகக் கிடைக்காது என்பதெல்லாம் தானாகப் புரியும்.

மூக்குக்கு வந்து சேர்வது என்ன

மூடி வைத்த டப்பாவிலும் கற்பூரம் நாளடைவில் கரைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சூடாக்கவில்லை, கொதிக்கவைக்கவும் இல்லை. ஆனாலும் அதன் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக் காற்றில் கலக்கின்றன. மணக்கும் பொருள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் வேண்டும். மூலக்கூறு சிறியதாக இருக்க வேண்டும்; பக்கத்து மூலக்கூறை இறுகப் பற்றிக்கொள்ளாமலும் இருக்க வேண்டும். மல்லியில் இருக்கும் பென்சைல் அசிட்டேட்டின் மூலக்கூறு எடை 150, லினலூலுக்கு 154, இண்டோலுக்கு 117. நாம் சாப்பிடும் சர்க்கரைக்கு 342. தண்ணீர் போன்ற பகுதிகளும் அதில் நிறைய இருப்பதால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. காற்றில் ஏறுவதே இல்லை. அதனால்தான் சர்க்கரைக்கு வாசனை கிடையாது.

மூலக்கூறு கனமானால் மெதுவாகத்தான் கிளம்பும். ஜவ்வாது மலைச் சந்தனத்தின் சாண்டலால் 220 எடை கொண்டது. அது மரக்கட்டையில் ஆண்டுக்கணக்கில் தங்கும், நெற்றியில் பூசினால் நாள் முழுக்க நிற்கும். மல்லியின் லினலூல் ஒரே ராத்திரியில் ஓடிவிடும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் அத்தர் செய்பவர்கள் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடிப்பதற்கு இதுவே காரணம். ஓடுகிற மூலக்கூறுகளை அந்தக் கனமான எண்ணெய் நிறுத்தி வைக்கிறது.

மூக்கின் உள்ளே மேல்பகுதியில் வாசனை மூலக்கூறுகளை உணரும் சுமார் 400 வகை ஏற்பிகள் உள்ளன. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தொடும்; ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்குப் பதில் சொல்லும். எவையெவை சேர்ந்து தூண்டப்படுகின்றன என்பதைப் பார்த்துத்தான் மூளை ‘இது மல்லி’, ‘இது முல்லை’ என்று தீர்மானிக்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே மணத்தில் சில நிமிடம் இருந்தால் ஏற்பிகள் சோர்ந்துவிடும். பூ கட்டுகிறவர்களுக்குத் தங்கள் கூடையின் மணம் தெரியாமல் போவது இதனால்தான்.

இதழ் எதிலிருந்து செய்கிறது

பூக்களிலிருந்து வெளிவரும் 1,700க்கும் மேற்பட்ட வாசனைப் பொருள்கள் இதுவரை பட்டியலாகியுள்ளன. எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அனேகமாக எல்லாமே மூன்று வழிகளில் வருகின்றன. மூன்றுக்கும் மூலப்பொருள், இலை வெயிலில் தயாரித்து அனுப்பிய சர்க்கரைதான்.

முதல் வழி டெர்பீன்கள். ஐந்து கார்பன் கொண்ட சிறு துண்டுகளைச் செடி முதலில் செய்கிறது. இரண்டு துண்டை இணைத்தால் பத்து கார்பன்: லினலூல், ஜெரானியால், கற்பூரம். மூன்றை இணைத்தால் பதினைந்து: ஃபார்னசீன், சாண்டலால். மல்லியின் லினலூல் சமையலறையிலும் உண்டு. தனியாவை வறுக்கும்போது மேலே எழும் வாசனையில் பெரும்பங்கு அதுதான்.

இரண்டாவது வழி ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்குகிறது. நாம் தின்னும் பருப்பிலும் இருக்கும் அதே பொருள். அதன் பென்சீன் வளையத்தை வைத்துக்கொண்டு வாலை வெட்டி, மாற்றி, வேறு வால் ஒட்டிச் செடி எத்தனையோ பொருள்களைச் செய்கிறது. மல்லிக்குப் பென்சைல் அசிட்டேட், ரோஜாவுக்கு ஃபீனைல்எத்தில் ஆல்கஹால், சம்பங்கிக்கு மெத்தில் பென்சோயேட்டும் மெத்தில் சாலிசிலேட்டும் இப்படி வந்தவை. மெத்தில் சாலிசிலேட் மூட்டுவலித் தைலத்தின் வாசனை. சம்பங்கி மாலையை மூக்கருகே வைத்தால் இனிப்புக்கு அடியில் ஒரு தைல நெடி வரும். காரணம் தெரிந்த பிறகு அதைத் தவறவிடவே முடியாது.

மூன்றாவது வழி கொழுப்பு அமிலம். புல்லை அறுக்கும்போது வரும் பச்சை வாசனை இந்த வழியில் பிறப்பது. மல்லி இனத்தில் இதே வழி இன்னும் நீண்டு சிஸ்-ஜாஸ்மோனும் மெத்தில் ஜாஸ்மோனேட்டும் ஆகிறது. மெத்தில் ஜாஸ்மோனேட்டை 1962இல் ஜாதிமல்லி எண்ணெயிலிருந்துதான் பிரித்தார்கள். அப்போது அது வெறும் வாசனைப் பொருள். பூச்சி கடித்தால் செடிகள் தற்காப்பைத் தொடங்குவதற்கான சைகையும் அதுவே என்பது பிற்பாடு தெரியவந்தது.

இந்த மூன்றிலும் அடங்காத இரண்டு பொருள்கள் மல்லிக்கு மிக முக்கியம்: இண்டோல், மெத்தில் ஆந்த்ரனிலேட். இரண்டும் டிரிப்டோஃபேன் என்ற இன்னோர் அமினோ அமிலத்தின் பாதையிலிருந்து கிளை பிரிகின்றன. திராட்சைச் சுவை மிட்டாயில் சேர்ப்பது மெத்தில் ஆந்த்ரனிலேட். இண்டோல் தனியாக, அடர்த்தியாக இருந்தால் பாச்சை உருண்டையும் மலமும் கலந்த நாற்றம். மல்லியில் அது சில சதவீதம்தான். ஆனால் அதை எடுத்துவிட்டால் மல்லி வெறும் இனிப்பாகி உயிரில்லாமல் போய்விடும். மல்லி ஊதுபத்தி மல்லி போலவும் மல்லி இல்லாதது போலவும் இருப்பது இதனால்தான். விலை குறைவான பென்சைல் அசிட்டேட் அதில் தாராளமாக இருக்கும். மற்ற பொருள்கள் ஒன்று இருக்காது, அல்லது அளவு சரியாக இருக்காது.

எது அதிகமாக இருக்கிறதோ அதுவே மணத்தை முடிவு செய்யும் என்றும் நினைக்கக் கூடாது. ரோஜா எண்ணெயில் பீட்டா-டமாஸ்கெனோன் என்ற பொருள் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குகூடச் சரியாக வராது. மூக்கு அதை மிக நுண்ணிய அளவிலேயே பிடித்துவிடுவதால், ரோஜா மணத்தில் அதன் பங்கு மிகப் பெரியது.

நேரம் பார்த்துத் திறக்கும் கடை

வாசனை செய்வது செடிக்குச் செலவு. செய்த சரக்கு திரும்பி வராது, காற்றோடு போகும். ஆகவே வாங்க ஆள் வரும் நேரம் பார்த்துத்தான் செடி கடையைத் திறக்கிறது. வெள்ளை நிறம், நீண்ட குழல், இரவில் மணம் என்ற சேர்க்கை அந்துப்பூச்சிகளை அழைப்பதற்கு அமைந்தது. இருட்டில் நிறம் உதவாது, மணமே வழிகாட்டி. செம்பருத்தி பகலில் நிறத்தைக் காட்டி ஆளை வரவழைக்கிறது, அதற்கு மணம் தேவைப்படவில்லை. கனகாம்பரத்துக்கும் மணம் இல்லை. அதனால்தான் அதை மரிக்கொழுந்தோ மல்லியோ சேர்த்துக் கட்டுகிறோம்.

மல்லி மொட்டுக்குள் அந்தியில் நடப்பது இது. லினலூலிலும் பென்சைல் ஆல்கஹாலிலும் ஒரு பகுதி, சர்க்கரையோடு பிணைந்த நிலையில் மொட்டில் காத்திருக்கிறது. சர்க்கரை ஒட்டியிருக்கும்வரை அது கனம், தண்ணீரில் கரையும், காற்றில் ஏறாது, அதனால் மணக்காது. மொட்டு விரியும் நேரத்தில் ஒரு நொதி (செல்லில் வேதிவேலை செய்யும் புரதம்) அந்தப் பிணைப்பை வெட்டுகிறது. மூலக்கூறு விடுபட்டு வெளியே கிளம்புகிறது. கூடவே வேறு நொதிகள் பென்சைல் ஆல்கஹாலுடன் அசிட்டைல் பகுதியை ஒட்டிப் புதிதாகப் பென்சைல் அசிட்டேட் செய்கின்றன. வேலை பெரும்பாலும் இதழின் மேல்தோல் செல்களில் நடக்கிறது. அங்கிருந்து காற்றுக்குப் பொருள் தானாகக் கசிந்து வெளியேறுகிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். பெட்டூனியாப் பூவில் செல் சவ்வில் உள்ள ஒரு புரதம் ஆற்றலைச் செலவழித்து வாசனையை வெளியே தள்ளுகிறது என்று 2017இல் தெளிவானது. அந்தப் புரதத்தைக் குறைத்தபோது மணம் வெளிவருவது குறைந்தது; உள்ளே தேங்கிய பொருள் செல் சவ்வுகளுக்கே கேடு செய்தது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அன்று விடியலில் பறித்த, முற்றிய முப்பது மொட்டுகள் போதும். ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் பத்துப் பத்தாகப் போடுங்கள். முதல் பாட்டிலை அறையில் வையுங்கள். இரண்டாவதை ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்றாவதற்கான மொட்டுகளைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி, துணியில் ஒற்றி ஈரம் எடுத்துப் போடுங்கள். மாலை நாலு மணிக்குத் தொடங்கி ஐந்து, ஏழு, ஒன்பது மணிக்கும் மறுநாள் காலையிலும் மூடியைத் திறந்து முகருங்கள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் நடுவே ஒரு நிமிடம் வெளிக்காற்றில் மூச்சு விடுங்கள். இல்லாவிட்டால் மூக்கு ஏமாற்றும். அறையில் இருந்தது விரிந்து மணக்கும். ஃபிரிட்ஜில் இருந்தது வெகுவாகப் பின்தங்கும். கொதிநீர் பட்டதில் வெந்த கீரை வாசனைதான் வரும், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும். நொதி செத்துவிட்டது. மணம் உள்ளே சேமிப்பாக இருந்திருந்தால் மூன்றிலும் வந்திருக்க வேண்டும்.

வாங்கும்போதும் வைக்கும்போதும் எங்கே கெடுகிறது

மொட்டை முகர்ந்து பார்த்து வாங்குவதால் பயனில்லை. கண்ணால் பாருங்கள். பால் வெள்ளையாக, உருண்டு திரண்டு, காம்புக் குழல் நீண்டிருந்தால் முற்றியது. நுனியிலோ அடியிலோ பச்சை ஓடியிருந்தால் ஒரு நாள் முன்னதாகப் பறித்துவிட்டார்கள் என்று பொருள். செடியை விட்டு வந்தபின் அதற்குச் சர்க்கரை வரத்து கிடையாது. விரிவதற்கும் மணம் செய்வதற்கும் போதிய கையிருப்பு இல்லாமல் அப்படியே வாடும். விலை ஏறும் முகூர்த்த நாள்களில் இந்தப் பச்சை மொட்டு சந்தையில் அதிகம் கலக்கிறது.

பாலிதீன் பை மல்லிக்கு எமன். பறித்த பூவும் மூச்சு விடுகிறது, சர்க்கரையை எரிக்கிறது, சூட்டையும் ஈரத்தையும் வெளியிடுகிறது. கட்டிய பைக்குள் ஆக்சிஜன் குறைந்ததும் செல்கள் புளிக்கும் பாதைக்கு மாறுகின்றன. பையைத் திறந்ததும் அடிக்கும் கள் போன்ற நெடி அதுதான். வாழையிலையோ ஈரத்துணியோ ஈரத்தைக் காத்துக் காற்றையும் விடும். பூ மேல் தண்ணீர் தெளிப்பது லேசாக இருந்தால் சரி. கடையில் எடை ஏறுவதற்காக ஊற்றி ஊறவைத்த பூ விளிம்பில் கண்ணாடி போலாகி, இரவுக்குள் பழுப்பாகி நாறும்.

ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமானால் இலையில் சுற்றி, கீழ்த்தட்டில், இரண்டு நாள்வரை. சூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்தால்தான் நொதிகள் வேலையைத் தொடங்கும். கனிந்த வாழைப்பழத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அது விடும் எத்திலீன் வாயு பல பூக்களைச் சீக்கிரம் வாடச் செய்யும். வெண்ணெயையும் திறந்து வைக்காதீர்கள். மறுநாள் காபிக்கு ரொட்டி தொட்டுக்கொள்ளும்போது மல்லி வாசனை வரும். வாசனைப் பொருள்களுக்குத் தண்ணீரைவிடக் கொழுப்புதான் பிடிக்கும். கீழே சொல்லப்போகும் முறைக்கு அதுவே அடிப்படை.

அக்னி நட்சத்திர வெயிலில் வேலூரில் நாற்பது டிகிரியைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் அடி விழுகிறது. சூட்டில் பொருள் வேகமாக ஆவியாகும்; பூவின் கையிருப்புச் சர்க்கரையும் வேகமாக எரியும். காலையில் வாங்கிய மல்லி ஐந்து மணிக்கே விரிந்து, பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். இதற்குப் பரிகாரம் ஒன்றுதான்: பகல் முழுக்க மண்பானைப் பக்கம் போன்ற குளிர்ந்த, நிழலான இடத்தில் இலைக்குள் வைத்து, அந்தியில் கட்டுவது.

மற்ற பூக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செண்பகத்தில் அயோனோன் வகைப் பொருள்கள் உண்டு. செடிகளில் மஞ்சள், ஆரஞ்சு நிறம் தரும் கரோட்டினாய்டு உடையும்போது இவை பிறக்கின்றன. மனோரஞ்சிதம் எஸ்டர் எனப்படும் வகைப் பொருள்களால் பழம் போல மணக்கிறது. மகிழம்பூவில் மணம் உலர்ந்த பின்னும் நிற்கும், மல்லியில் நிற்காது. சந்தைக்கு வரும் நீண்ட காம்பு ரோஜாக்களுக்கு மணம் போனது தற்செயல் அல்ல. ரோஜாவில் ஜெரானியால் உருவாக்கத்துக்கு நியூடெக்ஸ்-1 என்ற நொதி வேண்டும் என்று 2015இல் கண்டறிந்தார்கள். மணமில்லாத வகைகளில் அந்த மரபணு ஏறக்குறைய உறங்குகிறது. நீண்ட நாள் வாடாமை, நிறம், காம்பு நீளம் ஆகியவற்றுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் மணத்தை யாரும் கவனிக்கவில்லை. இது பெரிய இழப்பு. வீட்டில் ஒரு செடிக்குத்தான் இடம் என்றால் பன்னீர் ரோஜாவை வையுங்கள்.

மணத்தைப் பிடித்து வைப்பது

வீட்டில் மல்லியைக் கொதிக்கவைத்து வாலை வடிப்பது, அதாவது ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது, வீண் வேலை. நீடித்த சூட்டில் தண்ணீர் பென்சைல் அசிட்டேட்டை உடைத்துப் பென்சைல் ஆல்கஹாலும் புளிப்பு அமிலமும் ஆக்கும். நொதிகள் முதல் நிமிடத்திலேயே சாகும், ஆகவே புதிய மணமும் வராது. தொழிற்சாலைகளில் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் பூவைக் கழுவி மெழுகு போன்ற ‘கான்கிரீட்’ எடுத்து, அதை எத்தனாலில் கரைத்து ‘அப்சல்யூட்’ பிரிக்கிறார்கள். வீட்டில் ஹெக்சேனைத் தொடவே கூடாது. தீப்பிடிக்கும், ஆவி நரம்பைக் கெடுக்கும்.

வீட்டுக்கு ஏற்றது கொழுப்பில் பிடிக்கும் பழைய முறை. பிரான்சின் கிராஸ் நகரத்தில் பன்றி, மாட்டுக் கொழுப்பைக் கண்ணாடிமேல் பூசி மல்லிக்கும் சம்பங்கிக்கும் செய்தார்கள். இவ்விரு பூக்களும் பறித்த பின்னும் மணம் செய்துகொண்டே இருப்பதால் இது பலிக்கிறது. நமக்கு வனஸ்பதி போதும். சொந்த வாசனை குறைவு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதன் மணம் மேலெழும். நம் ஊர் வெப்பத்தில் உறையவும் உறையாது.

விளிம்புள்ள இரண்டு எவர்சில்வர் தட்டுகளைக் கழுவி முற்றிலும் உலர்த்துங்கள். ஒன்றில் 100 கிராம் வனஸ்பதியை நாலு மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, கத்தி முனையால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழியுங்கள், பரப்பு கூடும். மாலை ஆறரை, ஏழு மணிக்கு, விரியத் தொடங்கிய 50 கிராம் பூவைக் காம்பு நீக்கி, ஈரமில்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கவிழ்த்து வைத்து, மற்றத் தட்டால் மூடுங்கள். காலையில், பழுப்பு தட்டுவதற்குள், பூவை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். அன்று மாலை புதுப் பூ. எட்டு முதல் பத்து இரவுகள் செய்தால் மொத்தம் 400 முதல் 500 கிராம் பூவின் மணம் கொழுப்பில் ஏறியிருக்கும்.

கெடுவது பெரும்பாலும் ஈரத்தால். ஒரு துளி நீர் தங்கினாலும் பூஞ்சை பிடிக்கும். அடுத்த காரணம் சோம்பல்: வாடிய பூவைப் பகலிலும் விட்டுவைத்தால் அழுகல் நெடி கொழுப்பில் இறங்கும், பிறகு நீக்க வழியில்லை. மூன்றாவது வெயில். மல்லி மலிவாகக் கிடைக்கும் மாதங்களிலேயே வனஸ்பதி உருகும். பூ அதில் மூழ்கிவிடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகைக் குளிரில் சம்பங்கியோ கிடைத்தால் ஜாதிமல்லியோ கொண்டு செய்வது நல்லது. உத்தரப் பிரதேசத்தில் மல்லி எண்ணெய்க்குக் கொழுப்பே பூசுவதில்லை. தோல் நீக்கிய எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பல இரவுகள் பூவை மாற்றி, பிறகு எள்ளை ஆட்டி எண்ணெய் எடுக்கிறார்கள். சூடான ஊருக்கு அது பொருத்தமான வழி.

ரோஜா கொதிக்கும் நீருக்குத் தாங்கும். ஐந்து லிட்டர் பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் வடிகட்டிய நீரும் 200 கிராம் பன்னீர் ரோஜா இதழும் போட்டு, நடுவில் ஒரு பிரிமனை, அதன்மேல் ஒரு கிண்ணம். குவிந்த மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதில் ஐஸ் கட்டிகள். சிறு தீயில், ஐஸ் கரையக் கரைய மாற்றி, கிண்ணத்தில் 200 மில்லி சேர்ந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் வருவது வெந்த வாசனை. மேலே எண்ணெய் மிதக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ பூ தேவைப்படும். 200 கிராமில் ஒரு சொட்டுக்கும் சற்றுக் கூடுதலாக வந்தாலே அதிகம், அதுவும் நீரில் கலந்துவிடும். கிண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் நீரில் கரைந்த ஃபீனைல்எத்தில் ஆல்கஹால். அது லிட்டருக்கு சுமார் 20 கிராம்வரை நீரில் கரையக்கூடியது. எண்ணெய்க்கும் பன்னீருக்கும் மணம் வேறுபடுவது அதனால். மருந்து தெளித்த கடைப் பூவை இதற்கு எடுக்காதீர்கள். பாட்டிலைக் கொதிநீரில் கழுவி ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் பயன்படுத்தலாம். கலங்கினாலோ நூல் போல ஏதாவது மிதந்தாலோ கொட்டிவிடுங்கள்.